காது போனால் பாட்டு எங்கே? பிரையன் ஜோன்சன் நிகழ்வும் திருகோணமலை மேடைகளும்

திருவிழாக் காலம் தொடங்கினால் திருகோணமலையில் இசைக்குழுப் பாடகரின் தொண்டைக்கு ஊரே காவல். ஒருவர் கற்கண்டும் மிளகும் கொண்டுவருவார், இன்னொருவர் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீயை நீட்டுவார், ஐஸ் தண்ணீர்ப் போத்தலைக் கண்டால் பறித்து வைத்துவிடுவார்கள். அதே பாடகர் நான்கு மணித்தியாலம் ஒலிபெருக்கிப் பொக்ஸுகளுக்கு நடுவே நின்று பாடிவிட்டு இறங்கி, "காதுக்குள்ள வண்டு இரையிற மாதிரிக் கிடக்கு" என்றால், "நித்திரை கொண்டெழும்பினா சரிவரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். இந்த அலட்சியத்தின் விலை என்ன என்று காட்ட, உலகமறிந்த ஒரு பாடகரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஏசி/டிசி என்ற அவுஸ்திரேலிய றொக் குழுவில் பிரையன் ஜோன்சன் 36 வருடம் உச்சஸ்தாயியில் பாடினார். 2016இல் அவர் மேடையை விட்டு இறங்கியபோது தொண்டை நன்றாகவே இருந்தது. இறக்கியது காது.

நிகழ்வு

ஜோன்சன் பிறந்தது 1947 ஒக்டோபர் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்கில் கேற்ஸ்ஹெட் நகரை ஒட்டிய டன்ஸ்ரனில். தந்தை இராணுவத்தில் இருந்தவர், பின்னர் சுரங்கத் தொழிலாளி. தாய் இத்தாலியர். எழுபதுகளின் தொடக்கத்தில் நியூகாசிலில் உருவான ஜோர்டி என்ற குழுவில் பாடினார். 1973இல் அவர்களுடைய ஒரு பாட்டு பிரித்தானியத் தரவரிசையில் 6ஆம் இடம்வரை போனது. பிறகு அலை ஓய்ந்தது. எழுபதுகளின் கடைசியில் அவருக்குச் சோறு போட்டது பாட்டல்ல, கார்க் கூரைகளுக்கு வினைல் ஒட்டும் வேலை. அவர் அணியும் தட்டைத் தொப்பியும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். வியர்வை கண்ணில் இறங்குகிறது என்று தம்பி தன் தொப்பியைக் கொடுத்தாராம்.

ஏசி/டிசி 1973இல் சிட்னியில் மல்கம் யங், அங்கஸ் யங் சகோதரர்கள் தொடங்கிய குழு. அதன் பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரி 19ஆம் திகதி லண்டனில் இறந்துபோனார். ஜோன்சனின் குரலைப் பற்றிக் குழுவினரிடம் முன்பே சிலாகித்துப் பேசியிருந்தவர் அதே ஸ்கொட்தான். ஒரு மேடையில் ஜோன்சன் தரையில் விழுந்து புரண்டு அலறிப் பாடியதைக் கண்டு வியந்திருக்கிறார். உண்மையில் அன்று ஜோன்சனுக்குக் குடல்வால் அழற்சி. அலறல் வலியால் வந்தது. 32 வயதில் ஜோன்சன் குழுவில் சேர்ந்தார். சில வாரங்களுக்குள் பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகரில் ஒலிப்பதிவு நடந்தது. 1980 ஜூலையில் வெளியான அந்த இசைத்தட்டு உலகில் மிக அதிகம் விற்றவற்றில் ஒன்று.

அதற்குப் பிறகு மைதானம் மைதானமாகப் பயணம். பின்னால் சுவர்போல அடுக்கிய அம்ப்ளிபயர்கள், பக்கத்தில் ட்ரம்ஸ், காலடியில், பாடகர் தன் பாட்டைத் தானே கேட்பதற்காக அவரைப் பார்த்து வைக்கும் பொக்ஸுகளான மொனிட்டர்கள். பழைய பந்தயக் கார் ஓட்டுவது அவருடைய இரண்டாவது ஆசை. காதைக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு என்று அவரே பின்னாளில் சொன்னார்: ஒருமுறை காதடைப்பான் போட மறந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மிகச் சத்தமான காரில் ஓட்டியபோது உள்ளே 'பட்' என்று ஏதோ வெடித்தது. செவிப்பறை கிழிந்திருந்தது.

2015 செப்ரெம்பரில் கனடாவின் எட்மன்ரனில் குளிரிலும் மழையிலும் பாடி, காய்ச்சலோடு வான்கூவருக்கு விமானம் ஏறினார். இறங்கியபோது அடைத்த காது திறக்கவேயில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் பயணம் தொடர்ந்தது. கடைசி மேடை 2016 பெப்ரவரி 28, கன்சாஸ் சிற்றி. மார்ச் 7ஆம் திகதி குழு அறிக்கை விட்டது: உடனே நிறுத்தாவிட்டால் முழுச் செவிடாகும் ஆபத்து உண்டு என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள், எஞ்சிய 10 அமெரிக்க நிகழ்ச்சிகளும் தள்ளிப்போகின்றன. மே மாதம் லிஸ்பனில் கன்ஸ் அன்ட் றோஸஸ் குழுவின் பாடகர் அக்செல் றோஸ் அவருடைய இடத்தில் நின்றார்.

ஏப்ரலில் ஜோன்சன் விட்ட அறிக்கையில் பாடகர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. மேடையில் கிற்றார்களைக் கேட்கச் சிரமப்பட்டதாகவும், மற்ற இசைஞர்களைத் தெளிவாகக் கேட்காததால் தன் பாட்டின் தரம் கெடுமோ என்று அஞ்சியதாகவும் அதில் எழுதினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடத் தடையில்லை என்றும் வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். ஆக, குரல் இருக்கிறது, சின்ன அறையில் பாடவும் முடிகிறது. பெரிய மேடையில் மட்டும் முடியவில்லை.

ஏன் கிற்றார் முதலில் காணாமல் போகிறது

உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட எலும்புக்குள் சுமார் 15,000 மயிர்க் கலங்கள் இருக்கின்றன. இவற்றில் ஏறத்தாழ 12,000 வெளிவரிசை. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவதும், ஒரு சுரத்தை அடுத்த சுரத்திலிருந்து பிரித்துக்காட்டுவதும் இந்த வெளிவரிசைதான். பெருஞ்சத்தம் முதலில் சாய்ப்பதும் அதைத்தான். சாய்ந்தது திரும்ப முளைக்காது.

சேதம் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவில் வருவதில்லை. 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ்வரை, குறிப்பாக 4,000ஐச் சுற்றி, முதலில் பள்ளம் விழும். கேள்திறன் பரிசோதனை வரைபடத்தில் அது ஆங்கில 'வி' எழுத்துப்போலத் தெரியும். டிஸ்டோர்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிற்றாரின் கூர்மை, சிம்பலின் 'ஸ்ஸ்', பாட்டு வரியிலுள்ள 'ச', 'த', 'க' ஒலிகளின் தெளிவு எல்லாம் குடியிருப்பது அந்த இடத்திலும் அதை ஒட்டியும்தான். பேஸும் கிக் ட்ரம்மும் கீழே பத்திரமாக இருக்கும். அதனால் பாடகருக்குத் தாளம் கேட்கும், சுருதி கேட்காது. "சத்தம் கேக்குது, ஆனா விளங்கேல்ல" என்று ஒருவர் சொன்னால் அது முதல் அடையாளம்.

அதற்குப் பிறகு நடப்பது மேடைக்கு மேடை ஒரே வரிசைதான். பாடகர் மொனிட்டரைக் கூட்டச் சொல்வார். சவுண்ட்காரர் கூட்டுவார், அந்தச் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து கூவும். கூவலை அடக்க மேல்சுருதிகளை வெட்டுவார். வெட்டப்படுவது பெரும்பாலும் பாடகருக்கு ஏற்கெனவே கேட்காத அந்தப் பகுதி. தெளிவு இன்னும் போகும். கேட்காதவர் கத்திப் பாடுவது உடம்பின் இயல்பு, சந்தையில் நின்று போனில் பேசுகிறவர் தன்னையறியாமல் கத்துவதைப்போல. கத்தினால் சுருதி பிசகும், மூன்றாம் நாள் தொண்டை கட்டும். ஊர் தொண்டைக்கு மருந்து கொடுக்கும். தொடங்கிய இடம் காது என்பது யாருடைய கணக்கிலும் வராது.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

வேலைத்தலங்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் வைத்த அளவு ஒரு நாளைக்கு 85 டெசிபல், 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2, 94 என்றால் 1, 97 என்றால் அரை மணி, 100 என்றால் 15 நிமிடம். முழு ட்ரம்ஸும் கிற்றார் அம்ப்பும் உள்ள மேடையில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது மூன்று பாட்டோடு அன்றைய பங்கு முடிந்துவிடும், இன்னும் இருபது பாட்டு இருக்கும். பார்வையாளர் பகுதிக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன உச்சம் 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். மேடையில் நிற்பவருக்கும் ஒத்திகை அறையில் இருப்பவருக்கும் அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது.

ஒத்திகை அறையை வேண்டுமென்றே சொல்கிறோம். வருடத்தில் மேடை ஏறும் இரவுகளைவிட, தகரக் கூரை போட்ட சின்ன அறையில் ட்ரம்ஸோடு பழகும் மாலைகள் அதிகம். காதுக்குச் சேதாரத்தின் பெரும் பங்கு அங்கேதான் விழுகிறது. கைபேசியில் டெசிபல் மானியைப் போட்டுக் காது மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். துல்லியம் சில டெசிபல் பிசகலாம், 88க்கும் 102க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

மேடை அமைப்பு

திருகோணமலையில் மேடை வழக்கமாகக் கோயில் முன்றலிலோ விளையாட்டு மைதானத்திலோ போடப்படுகிறது. பின்னால் தகரம் அல்லது தறப்பாள், எதிரே கோயில் மதில். தகரம் ட்ரம்ஸின் சத்தத்தை அப்படியே பாடகரின் பிடரிக்குத் திருப்பி அனுப்பும். பழைய கம்பளமோ தடித்த திரையோ ட்ரம்ஸுக்குப் பின்னால் ஒரு முழம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் பலன் குறைவு.

பெரிய பொக்ஸுகள் பாடகரின் மைக்கைவிடக் குறைந்தது 6 அடி முன்னால் இருக்கவேண்டும். இடம் போதவில்லை என்று அவற்றை மேடையின் மேலேயே பாடகருக்குப் பக்கவாட்டில் வைப்பதுதான் நாம் அதிகம் காணும் பிழை. கூவலும் அதனால்தான், காதுவலியும் அதனால்தான்.

மொனிட்டர் எங்கே வைப்பது என்பதை மைக்தான் தீர்மானிக்கிறது. முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் சாதாரண கார்டியொயிட் மைக்குக்குப் பின்பக்கம், அதாவது கேபிள் வெளிவரும் திசை, செவிடு. மொனிட்டரை அதற்கு நேர் பின்னால் வைக்கலாம். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியொயிட் என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். செவிட்டுப் பகுதி பின்பக்கத்தின் இரு ஓரங்களில், நேர் முன்பக்கத்திலிருந்து 125 பாகை அளவில். ஆகவே மொனிட்டர் இடது ஓரமாகவோ வலது ஓரமாகவோ போகவேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடும் பழக்கம் இந்தக் கணக்கு முழுவதையும் குழப்பிவிடும். பொத்திய மைக் எல்லாத் திசையும் கேட்கும், உடனே கூவும். பிடிக்கவேண்டியது தண்டை, தலையை அல்ல.

மொனிட்டரைக் கூட்டுவதற்கு முன் கிட்டக் கொண்டுவாருங்கள். 6 அடியில் இருந்ததை 3 அடிக்கு நகர்த்தினால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். அதற்குள் போகவேண்டியது பாடகரின் சொந்தக் குரலும் சுருதிக்கு ஒரு கீபோர்டும் மட்டும். ட்ரம்ஸ், ஒக்டபாட் என்ற மின் தாளக் கருவி, பேஸ் எல்லாம் மேடையில் தாராளமாகக் கேட்கின்றன, மொனிட்டரில் மீண்டும் வேண்டாம். கிற்றார் அம்ப்பைத் தரையில் வைத்தால் அது வாசிப்பவரின் முழங்காலுக்குப் பாடும். அவருக்குக் கேட்காது, கூட்டிக்கொண்டே போவார். ஒரு கதிரையில் ஏற்றிச் சரித்து அவருடைய காதைப் பார்க்க வைத்தால், தானாகக் குறைத்துக்கொள்வார்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவல் வரும் எல்லை 3 டெசிபல் கிட்ட வரும். அறிவிப்பாளரின் மைக், அவர் இறங்கிப்போன பிறகும் மேடை ஓரத்தில் திறந்தே கிடப்பது எத்தனை இரவு! அதை அணைத்தாலே பாதிக் கூவல் நிற்கும்.

கடற்காற்றுக்கு இரண்டு சொல். ஆனி ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, குரல் மைக்குகளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். காற்றின் உறுமல் போகும், மொனிட்டரில் இடம் கிடைக்கும். உப்புக்காற்று பட்ட ஜாக்குகள் கரகரக்கும். நிகழ்ச்சி நடுவே அதைக் கழற்றி மாட்டினால் வரும் 'டப்' சத்தம்தான் காதுக்கு மிகக் கெட்டது. கேபிள் முனைகளை மாலையிலேயே துடைத்துச் சரிபார்க்கவேண்டும். எதைக் கழற்றுவதென்றாலும் முதலில் மிக்சரில் அந்த சனலை மூடவேண்டும்.

காதுக்குள் போடுபவை

ஃபார்மசியில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் சரியாகப் போட்டால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். சரியாகப் போடுவது என்பது இது: சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குமேலால் கொண்டுபோய்க் காதுமடலின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தால் காதுத்துளை நேராகும். உள்ளே செலுத்தி, விரிந்து நிறையும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். கண்ணாடியில் நேரே பார்த்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நீட்டினால் அது அரைகுறை அடைப்பு. மேல்சுருதி மட்டும் குறைந்து எல்லாம் போர்வைக்குள் கேட்பதுபோல இருக்கும், பாடகர் எரிச்சலில் பிடுங்கி எறிவார்.

பாடகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காதை அடைத்தால் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும். தான் பலமாகப் பாடுவதாக நினைத்துக் குரலை இறக்கிவிடுவார். ஆழமாகப் போட்டால் இந்த முழக்கம் குறையும். எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி வைத்த இசைஞர் காதடைப்பான் இன்னும் நல்லது. 9, 15, 25 டெசிபல் என்று கிடைக்கின்றன, பாடகருக்கு 9 அல்லது 15. எதுவானாலும் இரண்டு கிழமை ஒத்திகையில் பழகாமல் மேடைக்குக் கொண்டுபோகக்கூடாது.

காதுக்குள் மாட்டும் இயர் மொனிட்டரைப் பலர் பாதுகாப்புக் கருவி என்று நினைக்கிறார்கள். இரண்டு காதிலும் இறுக்கமாக இருந்து, அளவும் குறைவாக இருந்தால்தான் அது பாதுகாப்பு. "சனத்தின்ர சத்தம் கேக்கவேணும்" என்று ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டால், திறந்த காது மேடைச் சத்தம் முழுவதையும் வாங்கும். மூடிய காதுக்கோ ஒற்றைக் காதால் போதாமல் அளவு கூட்டப்படும். இரண்டும் கெடும். சனத்தைக் கேட்கவேண்டுமென்றால் மேடை ஓரத்தில் அவர்களை நோக்கி ஒரு மைக்கை வைத்து அதையும் கலந்து கொடுக்கலாம். சத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிற்றர் இல்லாமல் இயர் மொனிட்டர் கொடுப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அந்த 'டப்' நேரே செவிப்பறையில் விழும்.

ஜோன்சனை மீட்டதும் இந்த வழியில் வந்த ஒரு கருவிதான். இயர் மொனிட்டர் துறையின் முன்னோடியான ஸ்டீபன் அம்புறோஸ் அவரைத் தேடிச் சென்று புதிய ஒன்றைச் சோதித்தார். முதலில் கார் பற்றரி அளவில் இருந்ததைச் சில வருடங்களில் சிறிதாக்கினார். 2020 நவம்பரில் குழுவின் புதிய இசைத்தட்டு ஜோன்சனின் குரலில் வந்தது. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி கலிபோர்னியாவில், 76 வயதில், மீண்டும் பெருமேடை ஏறினார். இழந்த மயிர்க் கலங்கள் திரும்பவில்லை. கேட்கும் வழி மாறியது. ஏழு வருடமும், உலகில் ஒரு சிலருக்கே வாய்க்கும் உதவியும் அதற்குத் தேவைப்பட்டன.

சளியும் அழுத்தமும்

விமானத்தில் நடந்ததை விளங்கிக்கொள்ள நமக்கு வெளியே போகத் தேவையில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிறவர்களைக் கேளுங்கள், சளியோடு இறங்கக்கூடாது என்பார்கள். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் சளியால் அடைத்திருந்தால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமப்படாது, செவிப்பறை உள்ளே இழுபடும். கடலில் 10 மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரட்டிக்கும். விமானம் தரையிறங்கும்போது வருவது அதைவிடச் சிறிய மாற்றம்தான், அடைத்த காதுக்கு அதுவே போதும். காய்ச்சல் சளியோடு பயணம் தவிர்க்க முடியாவிட்டால் இறங்கும் நேரம் தூங்கவேண்டாம். விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். பலமாக ஊதக்கூடாது.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ பகலில் குளித்துவிட்டு ஈரக் காதோடு இரவில் இயர் மொனிட்டர் மாட்டுவது இங்குள்ள தனிப் பிரச்சினை. புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தலையைச் சரித்து நீரை வடியவிட்டு, துவாய் நுனியால் வெளிப்புறத்தை ஒற்றினால் போதும். கோழி இறகோ பஞ்சுக் குச்சியோ உள்ளே போகவேண்டாம். மாட்டும் கருவியை ஒவ்வொரு இரவும் துடைத்து உலரவிடுங்கள், ஒருவருடையதை மற்றவர் மாட்டவேண்டாம்.

இரண்டு நிலைமைகளில் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. ஒன்று, 'பட்' என்ற உணர்வோடு வலியோ நீரோ இரத்தமோ வந்தால்: காதுக்குள் தண்ணீரும் வேண்டாம், காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம், வைத்தியர் தராத சொட்டு மருந்தும் வேண்டாம். மற்றது, ஒரு காது திடீரென்று மங்கினால். அதைக் காதுக் குறும்பி என்றும் சளி என்றும் நினைத்து இரண்டு கிழமை காத்திருக்கிறவர்கள் பலர். உள்நரம்பு சார்ந்த திடீர்க் கேள்திறன் இழப்புக்கு ஸ்டீரொயிட் மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன், இரண்டு கிழமை தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும். நேரே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகவேண்டும்.

புதிய பாடகர் குழுவில் சேரும் நாளிலேயே ஒரு ஓடியோமெட்றி (கேள்திறன் பரிசோதனை) எடுத்து, தாளைக் குழுவின் கோவையில் வையுங்கள். பிறகு வருடம் ஒருமுறை, நிகழ்ச்சி இல்லாத இரண்டு நாட்களுக்குப் பின் எடுக்கவேண்டும். சத்தத்தில் இருந்து நேரே போனால் தற்காலிக மங்கலும் சேர்ந்து பதிவாகும். 4,000 ஹேர்ட்ஸில் முந்திய தாளைவிட 10 டெசிபல் இறங்கியிருந்தால் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உறுதியென்றால் அந்தக் கிழமையே மேடை அமைப்பை மாற்றவேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த இரவு வாகனத்தில் ஏறியதும் பாட்டைப் போடவேண்டாம். காது ஆறுவதற்குக் குறைந்தது 16 மணித்தியால அமைதி வேண்டும். இன்று நகரில், நாளை தம்பலகாமத்தில், மறுநாள் மூதூரில் என்று மூன்று இரவு தொடர்ந்து ஒப்புக்கொண்டிருந்தால், இரண்டாம் இரவு பாட்டுப் பட்டியலில் பாதியை மற்றப் பாடகருக்குக் கொடுத்துவிட்டு, அந்த நேரம் முழுவதும் மேடைக்குப் பின்னால் அல்ல, பொக்ஸின் சத்தம் எட்டாத இடத்தில் போய் இருங்கள்.